கண்மாய்க்குள் ஓடிய கார்கள்

கார் முந்நூறு ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. வாங்கிய விலை, மாற்றிய சாமான், கொடுத்த கூலி எல்லாம் சேர்த்து முந்நூறு. டயரும் பிரேக்கும் மட்டும் அதில் சேராது. உயிர் விஷயம் என்பதால் விட்டிருந்தார்கள். காலையில் வெயில் வற்றிக் கிடக்கும் கண்மாயின் கரையைத் தாண்டி உள்ளே விழும்போது வண்டியைக் கிளப்பினால், மாலையில் ஆடு மாடு திரும்பும்வரை ஓட்ட வேண்டும். நின்றுபோனால் சரி செய்துகொண்டு மறுபடி ஓடலாம். யார் வேகமாகப் போனார் என்று பார்ப்பதில்லை, எத்தனை சுற்று என்றுதான் பார்ப்பார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மண்சட்டி உண்டு. வண்டி ஒரு சுற்று முடித்துக் கடந்தால் அதன் சட்டியில் ஒரு கூழாங்கல் விழும்.

வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் நம்புவதில்லை. புதுக்கோட்டைப் பக்கம் கார்ப் பந்தயமா என்று கேட்பார்கள். ஐம்பதுகளின் கடைசியில் ஆரம்பித்து ஐந்தாறு வருஷம் நடந்தது. நடத்தியவர்கள் யாரும் பணக்காரர்கள் இல்லை. பஸ் பட்டறைத் தொழிலாளிகள், லாரி டிரைவர்கள், பஞ்சர் ஒட்டுகிறவர்கள். நான் ரேடியேட்டருக்கு ஈயம் வைக்கிற வேலை செய்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகைதான் கடை. அதிகம் பேச வராத எனக்கு அந்தத் தொழில் பொருத்தமாக இருந்தது. ஓட்டை எங்கே என்று தண்ணீரே காட்டிவிடும், யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

கார்களுக்குப் பஞ்சமே இல்லை. நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பிறகு பெரிய மனிதர்கள் பலர் செலவைக் குறைத்தார்கள். திருமயம் பக்கத்துச் செட்டியார் வீடுகளிலும் கடல் தாண்டிய தொழில் படுத்ததும் இரண்டு கார் இருந்த இடத்தில் ஒன்று நின்றது, பிறகு அதுவும் ஓடாமல் நின்றது. அப்படி ஒரு கொட்டகையில்தான் என் வண்டி கிடைத்தது. பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரம்மா, குஞ்சு பொரித்த பிறகு வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். பதினைந்து நாள் கழித்து நூற்றுப் பத்து ரூபாய் கொடுத்து மாட்டு வண்டியில் கட்டி இழுத்து வந்தேன். முன்னால் இருந்த பெயரெழுத்துகள் எல்லாம் உதிர்ந்துபோயிருந்ததால் அது எந்தக் கம்பெனி வண்டி என்பதில் பட்டறையில் கடைசிவரை ஒருமித்த கருத்து வரவில்லை. நாலு சிலிண்டர், சின்ன வண்டி. மழை நிறைந்த குளத்தின் பச்சை நிறம்.

பந்தயத்தில் இன்னொரு விதி இருந்தது. அதுதான் முக்கியமான விதி. பந்தயம் முடிந்ததும், ஓடிய வண்டிகளில் எதை வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் முந்நூறு ரூபாய்க்குக் கேட்கலாம். தட்டில் வெற்றிலை பாக்கு, அதன்மேல் பணம். அப்படிக் கேட்டுவிட்டால் கொடுத்துவிட வேண்டும். திருட்டுத்தனமாக ஐந்நூறு அறுநூறு ரூபாய்க்குச் சாமான் போட்டு ஜெயிக்க நினைப்பவனுக்கு வண்டி முந்நூறுக்குப் போய்விடும் என்ற பயம் இருக்கும் அல்லவா? அதற்காக வைத்த விதி. தட்டை வாங்குமுன் வண்டிக்காரன் கூட்டத்துக்கு நடுவே தன் வண்டியின் குறைகளைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். பெண் கொடுக்கிற வீட்டில் மறைக்காமல் சொல்வதுபோல என்பார்கள். குறையைக் கேட்டபின் வேண்டாம் என்று தோன்றினால், கேட்டவர் தட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். தட்டை மறுத்த வண்டிக்காரனுக்கு மட்டும் அடுத்த வருஷம் இடம் கிடையாது.

வருஷா வருஷம் தட்டு வைப்பவர் ஒருவர் இருந்தார். கடற்கரைப் பக்கத்து முஸ்லிம் வியாபாரி. முந்திரிக் கொட்டை வாங்க வருவார். ஆலங்குடிக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு வாங்கியிருந்தார். அங்கே கிணறுகளில் பம்பு ஓட்ட அவருக்கு எஞ்சின் வேண்டும். பந்தயம் ஓடுகிற நாள் முழுவதும் கரையில் குடை பிடித்து உட்கார்ந்து, எந்த எஞ்சின் வெயிலில் தாங்குகிறது என்று பார்ப்பார். மாலையில் அதைக் கேட்டு வாங்கிப் போவார். எஞ்சின் கிணற்று மேட்டுக்குப் போகும். மீதிக் கார் பழைய இரும்புக் கடைக்குப் போகும். எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர். எனக்கு மட்டும் அவர் குடையைக் கண்டாலே ஆகாது.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒரு கூடம், ஒரு அடுப்படி, பின்னால் ஒரு தாழ்வாரம். அதில் ஆத்தா, அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள் நாலு பேர், நான், என் மனைவி, எங்கள் பெண் குழந்தைகள் இருவர். யாரும் யாருக்கும் கெட்டவர்கள் இல்லை. ஆனாலும் அந்த வீட்டில் நானும் என் மனைவியும் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச இடமில்லை. கல்யாணமான முதல் ஐந்து வருஷம், அவளிடம் சொல்ல வேண்டியதைக்கூட ஆத்தாவிடம் சொல்லுவேன். "சாயங்காலம் வர நேரமாகும்" என்று ஆத்தா பக்கம் திரும்பிச் சொன்னால் அடுப்படியில் இருக்கிறவளுக்குக் கேட்கும். மற்ற புருஷன்மார் எப்படியோ பேசிக்கொண்டார்கள். எனக்கு வரவில்லை.

கார் வந்த பிறகுதான் பேசினோம். எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒருவர் ஓட்ட, ஒருவர் சத்தம் கேட்க வேண்டும். அன்று பட்டறையில் ஆள் இல்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, "சத்தம் கேக்க ஒரு ஆள் வேணும்" என்று ஆத்தாவிடம் சொன்னேன். ஆத்தா, "அவளக் கூட்டிட்டுப் போடா, அவ காது பாம்புக் காது" என்றாள்.

அது உண்மை. கடலை விளைகிற ஊரில் பிறந்தவள். காய்ந்த கடலையைக் காதருகே குலுக்கிப் பார்த்தே இது விதைக்கு, இது எண்ணெய் ஆட்டுவதற்கு என்று பிரித்துப் போடுவாள். வண்டியில் ஏறி உட்கார்ந்து குடுமியான்மலைச் சாலையில் ஒரு மைல் போவதற்குள் சொன்னாள்.

"மேல காஞ்ச கடலை குலுங்குது."

அது வால்வுக்கு மேலே உள்ள இடைவெளி. நிறுத்திச் சரி செய்தேன். இன்னும் ஒரு மைல்.

"இப்ப அது இல்ல. அடியில உலக்கை அடி மாத்தி விழுது."

அது பேரிங். பட்டறை மேஸ்திரி இரண்டு நாள் தேடியும் பிடிபடாதது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அவள் மேல் பற்களில் ஒன்று கொஞ்சம் உள்வாங்கியிருப்பதை அன்றுதான் பார்த்தேன். கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

பிறகு வாரம் ஒரு நாளாவது வண்டியில் ஏதாவது சத்தம் கேட்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டாலும் இருக்கிறது என்று சொல்லுவேன். அண்ணி ஒரு நாள், "கொழுந்தன் வண்டியில மட்டும் என்னதான் அப்படிச் சத்தம் வருமோ" என்று பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள். எனக்குக் காது வரைக்கும் சூடாகிவிட்டது. ஆனாலும் போவதை நிறுத்தவில்லை. அந்த முன் சீட்டில் உட்கார்ந்துதான் அவள் தன் அப்பா இறந்த கதையைச் சொன்னாள். அதில்தான் நான், சின்ன வயதில் வாத்தியார் எழுந்து படிக்கச் சொன்னபோது கால்சட்டையில் ஒன்றுக்குப் போய்விட்டு, மறுநாளிலிருந்து பள்ளிக்கூடமே போகாமல் நின்றதைச் சொன்னேன். அதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. அவள் சிரிக்கவில்லை. "பாவம்" என்று மட்டும் சொன்னாள்.

எங்களுக்கு இருந்த ஒரே அறை அந்தக் கார்தான். அதைத்தான் பாய் கழற்றிக் கிணற்று மேட்டில் வைத்துவிடுவாரோ என்று பயந்தேன்.

அப்படியானால் பந்தயத்துக்கே போகாமல் இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். பந்தயத்துக்கு என்றுதான் வீட்டில் அந்தக் காருக்கு அனுமதி கிடைத்தது. சும்மா வைத்துக்கொள்ள எங்கள் நிலையில் கார் எதற்கு? பந்தயத்தில் ஜெயித்தால் பெரிய பித்தளை அண்டா ஒன்றும் வேட்டி துண்டும் தருவார்கள். ஆத்தாவுக்கு அந்த அண்டாமேல் ஆசை. இன்னொன்று, எனக்கே ஓட்டப் பிடிக்கும். கடைத்தெருவில் நாலு பேர் பார்த்தால் நடை பின்னுகிற ஆள் நான். கண்மாய்க்குள் நூற்றுக்கணக்கான பேர் பார்க்கும்போது ஒன்றும் ஆகாது. அவர்கள் பார்ப்பது வண்டியை. நான் அதற்குள் ஒளிந்துகொண்டிருப்பேன்.

அதனால் முதல் இரண்டு வருஷமும் போனேன். போய், வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினேன். மேட்டில் ஏறும்போது எஞ்சின் திணறுவதுபோல் காலை எடுப்பேன். நடுவில் இறங்கி, கெட்டுப்போகாததைச் சரி செய்வேன். கடைசிக்கு முந்தின இடம் வரும். பாய் என் வண்டிப் பக்கமே திரும்பமாட்டார். என் கூட்டாளி என் மச்சான், அவளுடைய அண்ணன். பஸ் கண்டக்டர். பாதி நேரம் அவர் ஓட்டுவார், பாதி நான். அவர் ஓட்டும்போது வண்டி பறக்கும், நான் ஏறினால் நொண்டும். அவருக்கு அது விளங்கவே இல்லை. "மாப்ள, ஒங்களக் கண்டா மட்டும் ஏன் இந்த வண்டி மாமியாளக் கண்ட மருமவ மாதிரி நிக்குது?" என்பார்.

செலவு? இருந்தது. பந்தயத்துக்கு முந்தின பத்து நாள் கடையைப் பாதி நேரம் பூட்டி வைப்பேன். டயருக்காக அவள் வளர்த்த வெள்ளாட்டில் ஒன்று போயிற்று. பெட்ரோலில் கிளப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அந்தப் புகை ஒரு வாரத்துக்கு எச்சிலில் கருப்பாக வரும். ரேடியேட்டர் மூடி தெறித்து ஆவி அடித்த தழும்பு இன்னும் என் இடது மணிக்கட்டில் இருக்கிறது. கண்மாய்க்கார ஊரின் மடைக் கருப்பருக்குக் கிடாய் வெட்ட வண்டிக்கு இவ்வளவு என்று வரி. இதெல்லாம் சேர்ந்தால் வீட்டில் ஓடு மாற்றியிருக்கலாம். அண்ணன் அதைச் சொல்லிக்காட்டியதும் உண்டு.

மூன்றாவது வருஷம், வைகாசி கடைசி. பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னால் வண்டியைக் கடைசியாக ஓட்டிப் பார்த்தோம். ஒரு சத்தமும் இல்லை. அவள் வெகுநேரம் கேட்டுக்கொண்டே வந்துவிட்டுச் சொன்னாள்.

"இந்த வருசம் முழுசா ஓட்டுங்க."

"முழுசாத்தானே ஓட்டுறேன்."

"நீங்க மேட்டுல கால எடுக்குறது எனக்குக் கேக்காதா? கரையிலதானே உக்காந்திருக்கேன்."

வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினேன்.

பந்தயத்தன்று விடிகாலையில் நார்த்தாமலை அம்மனுக்கு வேண்டிக்கொண்டு ஒரு மாலை கட்டியிருந்தாள். வேப்பிலையும் அரளியும் சேர்த்து, ஒரு முழங்கை கனம். எல்லா வண்டிக்கும் மாலை உண்டு. மற்றவர்கள் வண்டியில் கட்டியது பூச்சரம். இவள் கட்டியது வண்டியின் முன்பக்கத்தை அப்படியே மூடிவிட்டது. ரேடியேட்டருக்குக் காற்று அந்த முன்பக்கம் வழியாகத்தான் போக வேண்டும். பத்து வருஷம் ரேடியேட்டரைக் கட்டி அழுத எனக்கு அது பார்த்த உடனே தெரிந்தது. அவள் கைகூப்பிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னால் கழற்றச் சொல்ல முடியவில்லை. இதுவரை சொன்னது உண்மை. மீதி உண்மையையும் சொல்லிவிடுகிறேன். வண்டி கொதிக்கும், நின்று நின்று ஓடும், பாய் ஏறிட்டுப் பார்க்கமாட்டார் என்று மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. சாமியே வழி விட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு வண்டிகள். தொடக்கக் கோட்டில் பூசணிக்காயை உடைத்தார்கள். முதலில் பாய்ந்த லாரி டிரைவரின் வண்டி அந்தப் பூசணிச் சதையிலேயே வழுக்கிக் குறுக்கே திரும்பி நின்றது. "திருஷ்டி கழிஞ்சிருச்சு!" என்று கரையில் ஒரே சிரிப்பு. மச்சான்தான் முதலில் ஓட்டினார். களிமண் வெடிப்பில் வண்டிகள் தடதடக்க, ஒரு நாழிகைக்குள் புழுதியில் எது யாருடையது என்றே தெரியவில்லை.

எட்டரை மணிக்கு முதல் தடவை கொதித்தது. மூடியைத் திறந்து, கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி அனுப்பினேன். ஒன்பது மணிக்கு மறுபடி. பத்து மணிக்குள் நாலு தடவை. கரையில் இருந்தவர்களுக்கு நல்ல விருந்து.

"ரேடியேட்டருக்காரரு வண்டியே பொங்குது பாருடா! அரிசியப் போட்டா சோறாயிரும்!"

"சோறு ஆகட்டும், கொழம்புக்கு அடுத்த வண்டியப் பாப்போம்."

மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது. இறங்கி மாலையில் கை வைத்தார். "மாப்ள, இதக் கழட்டிருவமா? காத்தே போகலையே."

"அம்மன் மாலை மச்சான். ஓடிக்கிட்டிருக்கையில எடுக்கக் கூடாது. குழாய்ல அடைப்பு, அதான்" என்றேன். அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஐந்தாவது தடவை நின்றபோது நான் ஓட்ட ஏறிவிட்டேன். ஆவி அடங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அவள் வருவதைப் பார்த்தேன். பெண்கள் எல்லாம் எதிர்க்கரையில், கருவேல மர நிழலில் இருப்பார்கள். இந்தப் பக்கம் முழுக்க ஆண்கள். அவள் கண்மாய்க்குள் இறங்கி, வண்டிகள் போகிற இடைவெளி பார்த்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக நடந்து வந்தாள். கூட்டம் முழுக்க அவளையே பார்த்தது. எனக்கு ஸ்டியரிங்குக்கு அடியில் புகுந்துவிடலாம்போல இருந்தது.

வந்தவள் மாலையின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"நீ கட்டுனது" என்றேன்.

"நான் கட்டுனத நான் கழட்டுறேன்."

"சாமி மாலை."

"சாமி என்ன ரேடியேட்டர்லயா குடியிருக்கு? வண்டிக்குள்ள உக்காந்து வரட்டும்." மாலையைப் பின் சீட்டில் வைத்தாள். பிறகு என் பக்கத்துக் கதவருகே வந்து குனிந்தாள். அவள் அண்ணனுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"நான் அறியாமக் கட்டிட்டேன். நீங்க அறிஞ்சு விட்டுட்டீங்க."

நான் புழுதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பாய் வந்திருக்காரு" என்றேன்.

"வரட்டும்."

"வண்டி போயிரும்."

"போனா போகுது." குரல் கொஞ்சம் தடுமாறியது. அவளுக்கும் அது சின்ன விஷயம் இல்லை என்று அப்போது தெரிந்தது. "மூணு வருசமா இது நல்ல வண்டின்னு நமக்கு ரெண்டு பேருக்கு மட்டுந்தான் தெரியும். நீங்க நல்லா ஓட்டுவீங்கன்னு எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அங்க உக்காந்து ஒங்களச் சிரிக்கிறத எத்தன தடவதான் கேக்குறது? இன்னிக்கு ஒரு நாளு ஓட்டுங்க."

மச்சான் வாளியோடு வந்தார். "என்னம்மா, மாப்ளைக்கு என்ன வாய்ப்பாடு சொல்லிக்குடுக்குற?"

"தண்ணிய ஊத்துண்ணே. இனிமே கொதிக்காது" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள்.

அதன் பிறகு ஓட்டியதை என்னால் சரியாகச் சொல்ல முடியும் என்று தோன்றவில்லை. முயன்று பார்க்கிறேன். மடைப் பக்கத் திருப்பத்தில் மண் இளகலாக இருக்கும். மற்ற வண்டிகள் அங்கே வேகத்தைக் குறைத்தன. குறைக்காமல் போனால் வண்டியின் பின்பக்கம் மெல்ல வெளியே நழுவும். அப்போது ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. கையைத் தளர்த்தி, அது போகிற போக்கில் கொஞ்சம் விட்டு, பிறகு கூப்பிட வேண்டும். தானாக வந்துவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மூன்று வருஷமாக உள்ளே தெரிந்தே இருந்திருக்கிறது. மேட்டில் காலை எடுக்கவில்லை. வண்டி மேட்டைத் தாண்டும்போது வயிற்றில் ஒரு கூச்சம் வரும், ஊஞ்சல் மேலே போய் நிற்கும்போது வருவதுபோல. ஒவ்வொரு சுற்றிலும் வந்தது. ஒரு சுற்றில்கூடப் பழகிப்போகவில்லை.

எதிர்க்கரையைக் கடக்கும்போதெல்லாம் கருவேல மரங்கள் ஒரு பச்சைக் கீறலாகப் போகும். அதில் அவள் இருக்கிறாள் என்று தெரியும், பார்க்க நேரமிருக்காது. எஞ்சினை அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பே போதுமாக இருந்தது. ஈரச் சாக்குத் துணியை மூக்கில் கட்டியிருந்தேன். அது காய்ந்து மண் ஓடாகிவிட்டது. மச்சான் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார், தன் முறை வந்துவிட்டது என்று. நான் நிறுத்தவில்லை. அடுத்த சுற்றிலும் நிறுத்தவில்லை. மூன்றாவது சுற்றில் அவர் துண்டை எடுத்துச் சுழற்றிக்கொண்டு குதித்தார். தன் முறையைக் கேட்கவில்லை, போ போ என்கிறார் என்று புரிந்தது. மண்ணெண்ணெய் ஊற்ற மட்டும் இரண்டு தடவை நின்றேன்.

ஆடுகள் கரையில் தெரிந்ததும் கொடியைக் காட்டினார்கள். சட்டிகளைக் கவிழ்த்துக் கூழாங்கற்களைப் பார்த்ததில் எங்களுக்கு மூன்றாவது இடம். காலையில் பொங்கிப் பொங்கி நின்றது போக, மூன்றாவது. அண்டா பஸ் பட்டறை வண்டிக்குப் போயிற்று. ஆனால் பத்து மணிக்கு மேல் எங்கள் சட்டியில் விழுந்த அளவு கற்கள் வேறெந்தச் சட்டியிலும் விழவில்லை என்று சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரே எழுந்து சொன்னார். காலையில் சோறு பொங்கச் சொன்னவர் வந்து என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். நான் சிரித்தேனா இல்லையா என்று நினைவில்லை.

குடை மடங்கியது. பாய் எழுந்து வந்தார். ஜெயித்த வண்டியைத் தாண்டினார், இரண்டாவதைத் தாண்டினார். என் வண்டி முன்னால் நின்று, சூடான முன்பக்கத்தின்மேல் தட்டை வைத்தார்.

"பத்து மணிக்கு மேல ஒரு தடவகூடக் கொதிக்காம ஓடுன வண்டி இதுதான். எனக்கு இது வேணும் தம்பி. கொறையச் சொல்லுங்க."

கூட்டம் வட்டம் கட்டிக்கொண்டது. எதிர்க்கரைப் பெண்களும் இறங்கி வந்துவிட்டார்கள். அவள் முன்வரிசையில் நின்றாள்.

"இடது பக்கக் கதவு உள்ளேருந்து தெறக்காது" என்றேன். "மூணாவது கியரு சில நேரம் தானா விழுந்துரும். மழை பேஞ்சா பின் சீட்டுல தண்ணி நிக்கும்."

"கதவும் சீட்டும் எனக்கு எதுக்கு? எஞ்சின்ல என்ன கொறை?"

ஒரே ஒரு வார்த்தை போதும். பேரிங் என்று சொன்னால் அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பிரித்துப் பார்க்கவா போகிறார்? மச்சான்கூட நான் எது சொன்னாலும் ஆமாம் போட்டிருப்பார். வண்டி வீட்டுக்கு வந்துவிடும். நான் அவள் பக்கம் பார்த்தேன். சொல்லாதே என்றோ சொல் என்றோ அவள் முகத்தில் எதுவும் இல்லை. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பள்ளிக்கூடத்திலிருந்து பரிசு வாங்கி வருகிற பிள்ளையைப் பார்ப்பதுபோல.

அந்த வண்டி அன்று எனக்காக ஓடியிருந்தது. அதன் முகத்துக்கு நேரே நின்று அதைக் கெட்டது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

"எஞ்சின்ல ஒரு கொறையும் இல்ல பாய்" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

"மண்ணெண்ணையில நாள் பூரா ஓடுமா?"

"இன்னிக்கு ஓடுனதத்தான் பாத்தீங்களே. காலையில மட்டும் பெட்ரோல் குடுத்துக் கெளப்புங்க. எண்ணெய அடிக்கடி மாத்துங்க."

"நீங்களே ஒரு நாளு வந்து பம்புல மாட்டிக் குடுத்துருங்க தம்பி. வேற ஆளு கை படவேணாம்."

"வாரேன்" என்றேன். தட்டை எடுத்துக்கொண்டேன். மச்சான் வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். அவருக்கு அந்தக் காரின்மேல் அவ்வளவு பாசம் என்று எனக்குத் தெரியாது.

மச்சான் தன் கூட்டாளிகளோடு தங்கிவிட்டார். நானும் அவளும் வரப்பு வழியாக ஆலங்குடிச் சாலைக்கு நடந்து வந்து பஸ்ஸுக்கு நின்றோம். வெளிச்சம் இன்னும் இருந்தது. முகம், தலைமுடி எல்லாம் புழுதியோடு நின்றேன். அவள் என்னிலிருந்து இரண்டு எட்டு தள்ளி நின்றாள், வெளியில் எப்போதும் நிற்பதுபோல. பேசவில்லை. ரோட்டில் நாலைந்து பேர் இருந்தார்கள். இனி இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் கூட்டம். அவள் முன்னால் பெண்கள் சீட்டில் ஓரமாக உட்கார்ந்தாள், பக்கத்தில் ஒரு இடம் காலி. நான் பின்னால் போய் நிற்க வேண்டியவன். கால்கள் போகவில்லை. அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

கண்டக்டர் புதியவர், மச்சானைத் தெரியாதவர். "அண்ணே, அது பொம்பளைங்க சீட்டு. எந்திரிச்சுப் பின்னால வாங்க."

மற்ற நாளாக இருந்தால் அவர் வாயைத் திறக்குமுன் எழுந்திருப்பேன்.

"இது என் சம்சாரம்" என்றேன்.

"அது தெரியுதுண்ணே. அதுக்காக சீட்டு மாறிருமா?"

பஸ்ஸில் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் கடலை மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், "இந்தா, அந்த மனுசன் மண்ணுல பொரண்டு வந்திருக்காரு, உக்காரட்டும் விடுப்பா. பொம்பளை யாரும் நிக்கலையே" என்றார். கண்டக்டர் இரண்டு டிக்கெட்டைக் கிழித்து என் கையில் வைத்துவிட்டு அங்கிட்டுப் போனார்.

அவள் குனிந்த தலை நிமிரவில்லை. காது சிவந்திருந்தது. பஸ் ஒரு மைல் போயிருக்கும். பிறகு முந்தானை ஓரத்தால் என் நெற்றியில் இருந்த மண்ணைத் தொட்டுத் துடைக்கப் போய், கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டு, துணியை என்னிடமே நீட்டினாள்.

"பசிக்குதா?" என்று கேட்டாள்.

"பசிக்குது. ஆனா அது இல்ல" என்றேன். "அந்த மடைத் திருப்பத்துல ஒரு சுத்துல, வண்டி அப்படியே பக்கவாட்டுல போச்சு. பாத்தியா?"

"பாத்தேன். கண்ண மூடிக்கிட்டேன். எப்படித் திருப்புனீங்க?"

நான் இரண்டு கையையும் தூக்கி, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக் காட்டினேன். முன் சீட்டில் இருந்த பெண்ணும் அவள் பிள்ளையும் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டரும் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று, கொஞ்சம் விடவேண்டும் பிறகு கூப்பிட வேண்டும் என்பதை அவளுக்கு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.